மாடுகள் கொடுத்த மரியாதை

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த பட்டியில் காய்ந்த தரை என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு திட்டு. அந்தத் திட்டில் ஒரு மாடுகூட நிற்கவில்லை.

அவள் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கும்போதே கோபத்தோடுதான் இறங்கினாள். மேலே அணையைத் திறக்கப்போகிறார்கள், ஆறு கரையைத் தாண்டிவிடும், கீழ்ப்பட்டியில் நிற்கிற மாடுகளை மேட்டுக் கொட்டகைக்கு ஓட்டிவிடலாம் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தனிடம் நேராகச் சொல்லவில்லை. அவன் காதில் விழுகிற மாதிரி பால் கேனிடம் சொன்னாள், வாளியிடம் சொன்னாள், கொட்டகைத் தூணிடம் சொன்னாள். ஒரு வருஷமாக அவனோடு அவள் பேச்சுவார்த்தை அப்படித்தான். அவனும் வாளிக்குப் பதில் சொல்வதுபோல, மழை விடட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மழை விடவில்லை. மதியம் சாய்ந்து, வானம் கரி பூசிய சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருண்டபோது, ஆறு பட்டியின் கீழ்க்கேட்டை விழுங்கிவிட்டிருந்தது.

மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. வேலியோடு வேலியாக, பின்புறத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, ஒன்றன் விலாவை ஒன்று இடித்துக்கொண்டு, ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு நடுவில் அந்தத் திட்டை மட்டும் வட்டமாக விட்டுவிட்டு நின்றன. எல்லா முகமும் உள்பக்கம் பார்த்திருந்தது. எல்லாக் காதும் முன்னால் மடிந்திருந்தது. நனைந்த ரோமத்தின் வாடையும் சாணி கரைந்த தண்ணீரின் வாடையும் ஆற்றுச் சேற்றின் பச்சை வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் எப்போதும் கேட்கிற ஒரு சத்தம் இன்று இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எந்த மாடும் அசை போடவில்லை.

பாம்பாக இருக்கும் என்று நினைத்தாள். காலடியில் கிடந்த கம்பை எடுத்து வேலிக்கு மேலாக எட்டித் திட்டைத் துழாவினாள். ஈரம் படாத மண். நாலைந்து வைக்கோல் துரும்பு. வேறொன்றும் இல்லை.

"என்னடி கருப்பி, அங்கே என்ன?" என்று கேட்டாள்.

கருப்பி அந்த மந்தைக்கு மூத்தது. மற்றவை எல்லாம் அதன் வாலைப் பார்த்து நடக்கிறவை. அவள் குரல் கேட்டால் கருப்பி எந்த மூலையில் நின்றாலும் தலையைத் திருப்பி, உப்புக்கல் இருக்குமா என்று நாக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடும். இன்று காது மட்டும் ஒரு முறை அவள் பக்கம் துடித்தது. பிறகு அதுவும் திட்டின் பக்கம் திரும்பிக்கொண்டது.

மாடு இப்படி இடம் விடுவதற்கு அந்தக் குடும்பத்தில் ஒரு சொல் இருந்தது. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு வெளியே ஆள் நின்றால் மாடு பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். உள்ளே கால் வைத்தால் விலகும். அந்த விலகலுக்கு அவள் புருஷன் வைத்த பெயர் மரியாதை. கல்யாணமாகி வந்த புதிதில், மாட்டைக் கண்டாலே தூண் மறைவில் ஒதுங்கிய அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததே இவ்வளவுதான். அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். மாட்டின் முன்தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று ஓர் அடி உள்ளே வை, அது முன்னால் நடக்கும். தோளுக்கு முன்னால் வந்துவிட்டால் நின்றுவிடும். நடக்க ஆரம்பித்த உடனே நீ ஓர் அடி பின்வாங்கிவிட வேண்டும். "அது உனக்கு மரியாதை குடுத்துச்சில்ல? நீயும் திருப்பிக் குடு" என்பார். முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி. யாருக்கோ வழிவிடுகிற மாதிரி, கூச்சப்படுகிற மாதிரி, அப்படியே மொத்த மந்தையையும் மேட்டுக்கு ஏற்றிவிடுவார். பால் வண்டிக்காரர் அவருக்கு 'மெதுவு' என்று பெயர் வைத்திருந்தார். உங்க வீட்டு மாடெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வந்த மாடு என்பார். தம்பிக்கு அதே வண்டிக்காரர் வைத்த பெயர் 'லவுட் ஸ்பீக்கர்'. அவன் கையில் எப்போதும் தண்ணீர்க் குழாயில் வெட்டிய துண்டு ஒன்று இருக்கும். வாயில் எப்போதும் ஒரு கூப்பாடு இருக்கும்.

மாடு மரியாதை கொடுத்து நிற்கிறது என்றால் எதிரே யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் திட்டில் யாரும் நிற்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் நகர்ந்தது.

அவசரமே இல்லாமல் நகர்ந்தது. வலது ஓரத்தில் நின்ற மொட்டையும் கோணக்கொம்பும் பின்னங்காலை எடுத்து வைத்து ஒதுங்கின. இடது ஓரத்து மாடுகள் விட்ட இடத்தில் ஓர் அடி உள்ளே வந்தன. காய்ந்த திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, வெறும் இடம் மட்டும் அதை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் போனது. யாரோ ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாடாக முகம் பார்த்துக்கொண்டு மந்தைக்குள் உலாத்துகிற மாதிரி. தண்ணீரில் மழைப் புள்ளிகள் விழுந்தன. அந்த வெறும் இடத்திலும் விழுந்தன. ஆனால் அங்கே மட்டும் தண்ணீர் கலங்கவில்லை.

அவள் கையிலிருந்த கம்பு நழுவியது. ஓட வேண்டும் என்று காலுக்குத் தோன்றியதும், மனசுக்குள் வேறொன்று தோன்றிக் காலைப் பிடித்து நிறுத்தியது. மந்தைக்குள் இப்படி நடக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

"வர்றதுக்கு ஒரு வருஷமா?" என்று முணுமுணுத்தாள். "இவ்வளவு மெதுவா?"

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்தான்.

பட்டியிலிருந்து மேட்டுக்குப் போக ஒரே வழி சந்து. மாட்டு டாக்டர் ஊசி போட வசதியாக ஒரு மாடு மட்டும் நுழைகிற அகலத்தில் கட்டியது. மாடு வெளியே வேடிக்கை பார்த்து நின்றுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்திருந்தார்கள். சரிவில் ஏறிப்போய் மேல்முனையில் ஓர் இரும்புக் குழாய்க் கேட்டில் முடியும். கேட்டுக்கு வெளிப்பக்கம் குறுக்குக் கம்பி. கம்பியைத் தூக்கினால் கேட் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே மாடு வந்து முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் யாராலும் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியது. கொழுந்தன்தான் வெல்டிங்காரனைக் கூட்டிவருகிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டான். இன்றைக்கு, நாளைக்கு என்று அது போய்க்கொண்டே இருந்தது.

போன மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தி ஒரு சாயங்காலம் அவள் புருஷன் பட்டி வழியாகச் சந்துக்குள் நுழைந்து, குழாய் இடுக்கில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கப் போயிருந்தார். மாடுகள் பட்டியின் அடுத்த கோடியில் நின்றன. தம்பி அவற்றோடு நின்றான். அவள் மேலே கேன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கத்தல் கேட்டது. ஒரே ஒரு கத்தல்தான். அதன் பிறகு தகரம் அதிர்கிற சத்தம். ஓடி வந்து பார்த்தபோது சந்து முழுக்க மாடாக இருந்தது, கேட்டின் குழாய்களுக்கு நடுவில் அவர் முகம் இருந்தது. பட்டியில் தம்பி குழாய்த் துண்டோடு மரமாக நின்றிருந்தான்.

நான் கத்தலை அண்ணி என்றான் அன்றைக்கு. மாடுங்க தானா திரும்பி ஓடிச்சு, கத்தினது அண்ணன்தான் என்றான். பிணத்தை வைத்துக்கொண்டு சொன்னான். அவள் புருஷன் பிறந்ததிலிருந்து குரல் உயர்த்தியதில்லை. காலை மாடு மிதித்துவிட்டால்கூட, தாயே கொஞ்சம் எடுத்துக்கோ என்று கெஞ்சுகிற ஆள். செத்தவர் தலையில் பழியைப் போடுகிறானே என்று அவளுக்கு அன்று பற்றிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. அன்றிலிருந்து அவனைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டாள். நிலத்தில் பங்கு, மாட்டில் பங்கு, எதுவும் அவளுக்கு வேண்டாம். அவன் வாயால் ஒரு வாக்கியம் வேண்டும். நான்தான் கத்தினேன் என்று அவன் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு தூங்கலாம், சாப்பிடலாம், அவர் துணிகளை எடுத்து யாருக்காவது கொடுக்கலாம்.

மேலே கதவு அறைகிற சத்தம் கேட்டது. கொழுந்தன் இறங்கி வந்தான். தலைக்கு மேல் பாலிதீன் தாள், நீலச் சட்டை, தோளில் கயிறு, கையில் குழாய்த் துண்டு, காதில் போன். போனில் அவன் பெண்டாட்டி; வீட்டுக்கும் பட்டிக்கும் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் போனில்தான் திட்டுவாள். வந்துட்டேன், ஓட்டிடறேன், நீ வைடி என்று கத்திக்கொண்டே வந்தவன் வேலியருகில் வந்ததும் நின்றுவிட்டான். போன் காதிலிருந்து தானாக இறங்கியது. அதற்குள்ளிருந்து பெண்டாட்டி இன்னும் கொசு மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் மாடுகளைப் பார்த்தான். நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தான்.

"அண்ணி" என்றான். அவனுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. "அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சுங்க."

அவள் கருப்பியைப் பார்த்துச் சொன்னாள்: "கருப்பி, உங்க முதலாளிக்கு ஒரு வருஷம் கழிச்சுப் புதுசா ஒண்ணு ஞாபகம் வருதாம், கேட்டுக்கோ."

"நிஜமாத்தான் அண்ணி. நடுவுல இடம் விட்டு... அண்ணன் சந்துக்குள்ள போறவரைக்கும் அங்கேயே இருந்துச்சு. அப்புறம் அந்த இடம் நகர்ந்துச்சு. நான் யார்கிட்ட சொல்லுவேன்? சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்க மாட்டாங்கன்னு சொல்லு கருப்பி. காறித் துப்புவாங்கன்னு சொல்லு."

தண்ணீர் மாடுகளின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டிருந்தது. கன்றுகள் கழுத்தை நீட்டி மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. வேலியைப் பிய்த்து வழி பண்ணலாம் என்றால் அந்தப் பக்கமெல்லாம் ஆறு, இந்தப் பக்கம் மாடு ஏற முடியாத வழுக்குச் சரிவு. சந்து ஒன்றுதான் வழி. மந்தையைப் பின்னாலிருந்து ஓட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை என்பது தெரிந்தது. கருப்பிக்குக் கயிறு கட்டி முன்னால் இழுத்துக்கொண்டு போகிறேன், மற்றது தானாகப் பின்னால் வரும், நீங்கள் மேலே போய்க் கேட்டைத் தள்ளி வையுங்கள் என்று மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அவள் போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் வேலி ஓரமாகவே, அந்த வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, கருப்பியை நோக்கித் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான். வெறும் இடம் அசையாமல் நின்றது. அவனுக்கு வழிவிட்டது போலிருந்தது. அவர் அப்படித்தான், யாருக்கும் வழிவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

மேல்முனையில் நின்றால் சந்தின் முழு நீளமும் தெரியும், அதற்குக் கீழே பட்டியும் தெரியும். தகரத்தின் மேல் மழை கைதட்டுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள் கொழுந்தன் பின்பக்கமாக நடந்தபடியே கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் முதுகு கேட்டின் பக்கம், அவன் முகத்துக்கு நேரே கருப்பியின் வெள்ளை நெற்றி. குளம்புகள் சிமெண்டில் வழுக்கி வழுக்கிப் பதிந்தன. வா, வாடி, வந்துடு என்று அவன் கெஞ்சிக்கொண்டே வந்தான். குழாய்த் துண்டு கையில் இல்லை. எங்கோ போட்டுவிட்டிருந்தான்.

முதுகு கேட்டில் பட்டதும், "தள்ளுங்க அண்ணி" என்றான்.

அவள் கம்பியின் மேல் கையை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. இதே கம்பி. அன்றைக்கு அவர் இதே குழாய்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு, கண் திறந்தபடி, எதையோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி. ஒரு வருஷம் கழித்தும் அதே கீல். அதே துரு. அவளுக்குள் ஏதோ அடியிலிருந்து பொங்கிக் கொதித்து மேலே வந்தது.

கையை எடுத்துவிட்டாள்.

"சொல்லு" என்றாள். ஒரு வருஷத்தில் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"அண்ணி, திறங்க."

"நீதான் கத்தினேன்னு சொல்லு. திறக்கிறேன்."

அவன் கழுத்தைத் திருப்பிக் குழாய் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தான். ஒரு கண் மட்டும் தெரிந்தது. "இது நேரமா அண்ணி இதுக்கு?"

"இதுதான் நேரம். அவரும் கேட்கட்டும். கீழே நிக்கிறார் பாரு."

உண்மையிலேயே அவள் அப்படித்தான் நம்பினாள். தலையைத் தூக்கிப் பட்டியைப் பார்த்தாள். வெறும் இடம் நகர ஆரம்பித்திருந்தது. மந்தையின் ஓரமாகவே ஒதுங்கிப் போய், எல்லா மாடுகளுக்கும் பின்னால், ஆற்றுப் பக்கம் போய் நின்றது. நிற்க வேண்டிய சரியான இடம். மாடு ஓட்டத் தெரிந்தவன் மட்டும் நிற்கிற இடம். அங்கிருந்து ஓர் அடி உள்ளே வந்தது. மாடுகள் சந்துப் பக்கம் திரும்பின. ஒரு கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. மொட்டை முன்னால், கோணக்கொம்பு பின்னால், கன்றுகள் நடுவில். எவ்வளவு அழகாகத் திரும்பின. அவள் நெஞ்சு பெருமையில் விம்மியது. பாருடா, கயிறு இல்லாமல், கத்தாமல், பாரு என்று அவனுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. மொட்டை சந்துக்குள் கால் வைத்தது.

கருப்பி ஓர் அடி முன்னால் வந்தது. அதன் நெற்றி கொழுந்தனின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணி, பின்னாலேர்ந்து வருதுங்க. அண்ணி, உங்க கால்ல விழறேன்."

"சொல்லு."

"சரி. நான்தான் கத்தினேன். போதுமா? நான்தான் அண்ணி. நான்தான் கத்தினேன், நான்தான் கொன்னேன், என்ன வேணாலும் எழுதிக் குடுக்கறேன். திறங்க."

வந்துவிட்டது. ஒரு வருஷமாகத் தூங்காமல் காத்திருந்த வாக்கியம். அது காதில் விழுந்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது பொய். கழுத்தில் கத்தி இருக்கிறவன் சொல்கிற பொய். உமியை வாயில் போட்டு மென்ற மாதிரி இருந்தது.

அப்படியானால்.

அவள் மறுபடியும் கீழே பார்த்தாள். வெறும் இடம் ஓர் அடி வைத்தது. மாடுகள் நகர்ந்தன. இப்போது அவர் பின்வாங்குவார் என்று அவள் காத்திருந்தாள். மாடு நகர்ந்த உடனே ஓர் அடி பின்வாங்குவார். எத்தனை அவசரமாக இருந்தாலும். மழையோ வெயிலோ. அது கொடுத்துச்சில்ல, நீயும் திருப்பிக் குடு.

வெறும் இடம் பின்வாங்கவில்லை.

இன்னோர் அடி வைத்தது. மாடுகள் நெருங்கின. இன்னோர் அடி. கடைசியில் நின்ற கன்றின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. இன்னோர் அடி. அது ஒரு தடவைகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அது அவர் இல்லை.

அவள் கம்பியைத் தூக்கினாள். அது ஒரு தடவை நழுவியது; மறுபடி பிடித்துத் தூக்கி எறிந்தாள். கேட்டைத் தள்ளினாள். கேட் உள்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கத்தில் கொழுந்தன் இருந்தான். அவனுக்குப் பின்னால் கருப்பி இருந்தது. கருப்பிக்குப் பின்னால் மொத்த மந்தையும் இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு விரல் இடுக்குக்கூட விடவில்லை. அவன் குழாயைப் பிடித்து ஏறப் பார்த்தான்; ஈரத்தில் செருப்பு வழுக்கியது; ஏற இடமில்லை, நெஞ்சை விரிக்க இடமில்லை. விரல்கள் மட்டும் குழாயைச் சுற்றி அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அந்த விரல்களைப் பிடித்தாள்.

"தம்பி" என்றாள். "தம்பி, என்னைப் பாரு. என்னையே பாரு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கருப்பியின் முதுகுக்கு மேலாகச் சந்தின் கீழ்முனையைப் பார்த்தான். அங்கே எதையோ கண்டான். அவன் முகம் குழந்தையின் முகம் மாதிரி ஆயிற்று.

பிறகு அவன் கத்தினான்.

ஒரே ஒரு கத்தல்.

அந்தக் கத்தலை அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் கேட்ட கத்தல். மாட்டை ஓட்டுகிறவன் போடுகிற கூப்பாடு இல்லை அது. எதையோ பார்த்துவிட்டவன் போடுகிறது. அண்ணன் குரலும் தம்பி குரலும் அந்த ஒரு கத்தலில் ஒன்றாகத்தான் இருந்தன.

தகரம் அதிர்ந்தது.

பிடித்திருந்த விரல்கள் அவள் கைக்குள் ஒரு முறை இறுகின. தளர்ந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. துருப்பிடித்த கீல் ஒன்று முனகியது. மாற்றச் சொல்லி மாற்றச் சொல்லி அவள் தொண்டை வற்றிய கீல். அது பெயர்ந்து, கேட் மொத்தமாக வெளிப்பக்கம் சாய்ந்தது. அவள் விலகித் தள்ளாடிச் சேற்றில் விழுந்தாள். கேட் அவள் காலருகில் படுத்தது. அதன் மேல் நீலச் சட்டை இருந்தது. கருப்பி குனிந்து, முகர்ந்து, அதை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தது. பின்னால் மொட்டை. கோணக்கொம்பு. கன்றுகள். ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, அமைதியாக.

மழை குறைந்திருந்தது. மேலே வீட்டிலிருந்து அவன் பெண்டாட்டி அவனைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். கொட்டகை எதிரேதான் இருந்தது. மாடுகள் அதற்குள் போகவில்லை. மேட்டில் ஏறிப் பரவி, திரும்பி, ஒவ்வொன்றாக வந்து அவளைச் சுற்றி நின்றன. கருப்பி கிட்ட வரும், கையை நக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு அப்போது ஏதாவது ஒரு சூடான மூச்சு வேண்டியிருந்தது. கையை நீட்டினாள்.

"கருப்பி."

கருப்பி ஓர் அடி பின்னால் போனது.

மொட்டையும் போனது. கன்றுகளும் போயின. அவளைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, காதுகளை முன்னால் மடித்துக்கொண்டு நின்றன. எதுவும் அசை போடவில்லை. எந்த மாடும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் இடது தோளுக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்தன.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

எதிரே இருந்த மாடுகள் மட்டும் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. அந்த வழி கீழே இறங்கியது. படுத்துக்கிடந்த கேட். சந்து. சந்துக்கு அப்பால் பட்டி. பட்டி முழுக்க ஆறு.

அவள் கால் தானாக ஓர் அடி முன்னால் வைத்தது.

நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வைத்தாயிற்று, கொடுத்தாயிற்று. இப்போது பின்னால் ஓர் அடி விலகும் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.